என்ன முறை வேணும்?

போன ஆவணியில் என் தம்பி மகளுக்குக் காதணி விழா. மதுரைக்கு மேற்கே, செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி சாலையில் ஒரு மண்டபம். மொய் எழுதும் மேசையில் முன்பெல்லாம் நோட்டும் பேனாவுமாக ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது லேப்டாப்பும் கையளவு பிரிண்டரும் வைத்துக்கொண்டு இரண்டு பையன்கள். பணத்தை எண்ணிப் பெட்டியில் போட்டதும் ஊரைக் கேட்கிறார்கள், பேரைக் கேட்கிறார்கள், அப்புறம், "என்ன முறை வேணும்ணே?" தாய்மாமன், சம்பந்தகாரர், பங்காளி, அத்தை, மாப்பிள்ளை, நண்பர் என்று திரையில் ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் ஒன்றைத் தட்டினால் சீட்டு வந்துவிடும். தம்பியோடு ஒர்க்‌ஷாப்பில் பத்து வருடமாக வேலை பார்க்கும் பாய் ஒருவர் வந்தார். என்ன சொல்வதென்று அவர் யோசித்துக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து தம்பி சத்தம் போட்டான்: "மாப்ளைன்னு போடுப்பா." சீட்டில் மாப்பிள்ளை என்றே வந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பந்திக்குப் போனார்.

குடும்பம், நெருக்கம், காதல் பற்றிச் சமூகவியலில் எழுதப்பட்டவற்றைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பப் பார்த்தால் சில கோட்பாடுகள் பொருந்துகின்றன, சில ஒட்டவே மாட்டேன் என்கின்றன. உறவுமுறை பற்றி உலகத்தில் பேசப்படும் பெரிய கோட்பாடுகளில் ஒன்று இதே செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் இருந்து கேட்டு எழுதப்பட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது எங்கே பார்த்தாலும் அடிபடும் பெயர் பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆந்தனி கிடன்ஸ். 1992இல் அவர் வைத்த வாதம் இது. முன்பு கல்யாணம் சொத்துக்காகவும் சனத்துக்காகவும் பிழைப்புக்காகவும் நடந்தது. இன்று இரண்டு பேர் சேர்ந்திருப்பது அந்த உறவுக்காக மட்டுமே. இருவரும் சமம். மனதில் இருப்பதை ஒருவருக்கொருவர் திறந்து சொல்கிறார்கள். இருவருக்கும் நிறைவு இருக்கும்வரை நீடிக்கும், இல்லையென்றால் பிரிந்துவிடலாம். இதற்கு அவர் வைத்த பெயர் 'தூய உறவு'. ஜெர்மனியில் உல்ரிக் பெக்கும் எலிசபெத் பெக்-கெர்ன்ஸ்ஹைமும் 1990இலேயே ஏறக்குறைய இந்த இடத்துக்கு வந்திருந்தார்கள். எல்லா முடிவும் தனியாள் தலையில் விழுவதால் காதல் என்பது ஓயாத பேச்சுவார்த்தையாகிவிட்டது என்றார்கள்.

இதை எதிர்த்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஸ்காட்லாந்தில் இருந்து எழுதிய லின் ஜேமீசன். மனம் திறந்து பேசுவது மட்டும்தான் நெருக்கமா என்று 1990களின் கடைசியில் அவர் திருப்பிக் கேட்டார். பிரிட்டனிலேயே வீட்டு வேலை யார் தலையில் விழுகிறது, பணம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் சமத்துவத்தைக் காணோம். ஒருவருக்காக ஒருவர் செய்யும் காரியங்களிலும் நெருக்கம் இருக்கிறது என்பது அவர் கட்சி. என் மனம் அந்தப் பக்கம் சாய்வதற்குக் காரணம் என் அப்பா. அவர் அம்மாவிடம் மனம் திறந்து நாலு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. டவுனுக்குப் போய்விட்டு வரும் சாயங்காலங்களில் தூக்குவாளியில் பருத்திப்பால் வாங்கி வருவார். அதை அடுப்படித் திண்டில் வைத்துவிட்டு, "சூடு ஆறப் போகுது" என்று சுவரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். கையில் கொடுக்க மாட்டார். அம்மாவும் 'எனக்கா' என்று கேட்க மாட்டாள்.

சரி, மதுரைப் பக்கத்து வீட்டுப் பேச்சில் இந்த நெருக்கத்துக்கு என்ன சொல் இருக்கிறது? 'அன்னியோன்னியம்' ஜோசியக்காரர் வாயில்தான் வரும். 'நெருக்கம்' என்றால் டவுன் பஸ் ஞாபகம் வருகிறது. சனங்கள் சொல்வது 'உரிமை'. "உரிமையாக் கேக்குறேன், இல்லேங்காத." "உரிமைப்பட்டவரு, நாலு வார்த்தை வையத்தான் செய்வாரு." கோர்ட்டிலும் பத்திரத்திலும் வரும் அதே சொல். கிடன்ஸ் சொல்லும் உறவில் நெருக்கம் முதலில் வருகிறது. ஒருவர்மேல் ஒருவருக்கு என்ன பாத்தியம் என்பது பிறகு பேசி முடிவாகிறது. இங்கே பாத்தியம் முதலில் வந்துவிடுகிறது. பிள்ளை பிறந்து கண் திறப்பதற்குள் ஊரில் பாதிப்பேருக்கு அது என்ன முறை என்பது தீர்ந்துபோகிறது. நெருக்கம் வருமா வராதா என்பது பின்னால் நடக்கிற கதை.

இந்த 'முதலில் வந்துவிடும்' சமாச்சாரத்தைத்தான் லூயி துய்மோன் ஆராய்ந்தார். பிரெஞ்சு மானுடவியலாளர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில் போர்க்கைதியாகக் கிடந்த காலத்தில் சமஸ்கிருதம் படித்தவர். 1949, 50 ஆண்டுகளில் மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர் ஊர்களில் மாதக்கணக்கில் தங்கினார். அங்கே கிடைத்ததை வைத்து 1953இல் ஒரு சிறு கட்டுரையும் 1957இல் பிரெஞ்சில் ஒரு பெரிய புத்தகமும் எழுதினார். புத்தகம் ஆங்கிலத்தில் வர 1986 ஆனது.

அவர் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு சொல்: மாமன். அம்மா கூடப் பிறந்தவனும் மாமன், அத்தை புருஷனும் மாமன், பெண் கொடுத்தவனும் மாமன். இப்படி ஒரே சொல் பல பேருக்கு ஆகிவருவது வெளிநாட்டு அறிஞர்களைப் பலகாலம் படுத்தி எடுத்தது. 1871இலேயே அமெரிக்க மானுடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் தமிழர் முறைப்பெயர்களை அமெரிக்காவின் செனெகா பழங்குடியினர் முறைப்பெயர்களோடு வைத்துப் பார்த்து, இரண்டும் ஒரே அச்சில் இருக்கின்றனவே என்று அதிசயப்பட்டார். துய்மோன் கேள்வியைத் திருப்பிப் போட்டார். மாமனை அம்மாவின் ரத்தம் என்று ஏன் பார்க்கிறீர்கள், அப்பாவின் மச்சான் என்று பாருங்கள் என்றார். அப்பா ஒரு வீட்டில் பெண் எடுத்தார். அந்த வீட்டு ஆண்பிள்ளை அவருக்கு மச்சான். நிலமும் வீடும் அப்பாவிடமிருந்து மகனுக்கு இறங்குவதுபோல அந்தச் சம்பந்தமும் இறங்குகிறது. அப்பாவுக்கு மச்சானாக இருந்தவர் மகனுக்கு மாமனாகிறார். மகனும் அந்த வீட்டிலேயே பெண் எடுத்தால் சம்பந்தம் இன்னொரு தலைமுறைக்கு உறுதியாகிறது. ஆகவே ஊர் இரண்டாகப் பிரிகிறது: பங்காளி ஒரு பக்கம், மாமன் மச்சான் மறுபக்கம். சித்தப்பா, பெரியப்பா, சித்தி, பெரியம்மா பிள்ளைகள் அண்ணன் தங்கை. அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டிக்கிற முறை. மூன்றாவதாக ஒரு அறை இந்த வீட்டில் கிடையாது.

இதை எங்கள் அப்பத்தாவிடம் சொல்லியிருந்தால், "இதைக் கண்டுபிடிக்கவாடா கப்பலேறி வந்தான்?" என்றிருக்கும். கொள்வினை கொடுப்பினை என்று நம் ஆட்கள் இரண்டு சொல்லில் முடித்துவிட்ட விஷயம். ஆனால் குடும்பம் என்றால் ரத்தம், கல்யாணம் அதன்மேல் வந்து ஒட்டிக்கொள்வது என்று நம்பிய ஐரோப்பாவுக்கு, சம்பந்தமும் பரம்பரையாக வரும் என்பது தலைகீழான செய்தி. பெண் கொடுத்து எடுப்பதுதான் சமூகத்தைக் கட்டுகிறது என்று பிரெஞ்சு மானுடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1949இல் சொல்லியிருந்தார். அதற்குத் தெளிவான களச்சான்று உசிலம்பட்டிச் சீமையில் கிடைத்தது. மானுடவியலாளர் இராவதி கார்வே 1953இல் வடக்கையும் தெற்கையும் ஒப்பிட்டு எழுதியபோது, வடக்கே பெண் முகம் தெரியாத வீட்டுக்குப் போகிறாள், தெற்கே தெரிந்த வீட்டுக்குப் போகிறாள் என்றார். அதுவும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது.

துய்மோன் சீர்வரிசைகளையும் விடாமல் எழுதிவைத்தார். எங்கள் பக்கம் இதற்குச் 'செய்முறை' என்று பேர். பெண்ணைக் கட்டிக்கொடுத்ததோடு பிறந்த வீட்டுக்காரன் கை கழுவ முடியாது. தலைத்தீபாவளி, வளைகாப்பு, பிள்ளைக்குத் தொட்டில், மடியில் வைத்துக் காது குத்து, சமைந்தால் சடங்கு, அப்புறம் அந்தப் பிள்ளையின் கல்யாணம், கடைசியில் அவள் கண்ணை மூடினால் பிறந்த வீட்டுக் கோடி. பிணத்தின்மேல் அந்தத் துணி விழாமல் தூக்க மாட்டார்கள். ஒரு பெண் வாசலைத் தாண்டிப் போன நாளிலிருந்து சுடுகாடு வரைக்கும் அவள் பின்னாலேயே தட்டுகள் நடந்து போகின்றன. துய்மோன் பார்வையில் இதெல்லாம் இரண்டு வீடுகளுக்கு இடையில் ஓடும் சம்பந்தத்தின் தடம்.

அவர் கணக்கில் எல்லாம் இருக்கிறது, ஏக்கம் மட்டும் இல்லை. அந்த இடத்தைத் தொட்டவர் அமெரிக்க மானுடவியலாளர் மார்கரெட் டிராவிக். தமிழ்நாட்டில் வேறு பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு குடும்பத்தோடு சேர்ந்து வாழ்ந்து 1990இல் எழுதினார். அன்பை அவர்கள் எப்படியெல்லாம் மறைக்கிறார்கள் என்று அவர் பார்த்தது எனக்கு வரிக்கு வரி எங்கள் வீடாகத் தெரிகிறது. பெற்ற பிள்ளையை ஆசையாக உற்றுப் பார்க்காதே, உன் கண்ணே பட்டுவிடும். சொந்தப் பிள்ளையைத் திட்டி, கொழுந்தனார் பிள்ளையைக் கொஞ்சு. அடக்கம் அன்பின் ஒரு குணம். கடுமையும் அன்பின் ஒரு குணம். முறைக் கல்யாணத்தையும் அவர் வேறு மாதிரி படித்தார். கூடப் பிறந்த அண்ணனையும் தங்கையையும் கல்யாணம் பிரித்துவிடுகிறது. "ஒம் மகளை எம் மகனுக்குக் குடுண்ணே" என்று அவள் கேட்பது அந்தப் பிரிவை அடுத்த தலைமுறையில் தைக்கப் பார்ப்பது. தையல் முழுசாக விழுவதும் இல்லை, அதனால் ஏக்கமும் தீர்வதில்லை.

மதுரைக்காரருக்கு இதை நம்பவைக்கப் பெரிய சான்று தேவையில்லை, சித்திரை மாதம் போதும். கோயில் கணக்குப்படி அழகர் மலையை விட்டு வைகைக்கு வருவது மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க. மீனாட்சி கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுக்கிற பெருமாளோ திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள். அவர் நேரத்துக்கு வந்து காரியத்தை முடித்துக் கொடுத்துவிடுகிறார். ஆனால் சனங்கள் வைத்திருக்கும் கதை வேறு. தங்கச்சி கல்யாணத்துக்குச் சீரோடு அண்ணன் கிளம்பி வருகிறார், வருவதற்குள் தாலி ஏறிவிட்டது, கோபித்துக்கொண்டு ஊருக்குள் நுழையாமல் ஆற்றில் இறங்கி வண்டியூருக்குப் போய்விடுகிறார். இரண்டு திருவிழாவையும் திருமலை நாயக்கர் (1623–1659) ஒரே மாதத்தில் கொண்டுவந்து சேர்த்தார் என்பது வழக்கில் இருக்கும் செய்தி. சேர்ந்த பிறகு நடுவில் இரண்டு நாள் இடைவெளி நின்றது. அந்த இடைவெளியில் ஊர் ஒரு அண்ணன் கோபத்தை வைத்தது. முனிவர் சாபத்தைவிட மாமன் கோபம்தான் லட்சக்கணக்கான பேருக்குப் புரிகிறது.

கோபித்துக்கொள்வது எங்கள் பக்கத்து விசேஷங்களில் ஏறக்குறைய ஒரு சடங்கு. வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடவில்லை, போனில் கூப்பிட்டுவிட்டாள். மைக்கில் பேர் சொல்லவில்லை. எனக்கு முன்னால் அவனுக்குப் பரிவட்டம் கட்டிவிட்டார்கள். ஒருவர் சாப்பிடாமல் வாசலில் போய் நிற்பார், நாலு பேர் கையைப் பிடித்து இழுப்பார்கள். உரிமை இல்லாதவனுக்கு இப்படி நிற்க முடியாது. அவன் கவரைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுப் போய்விடுவான். நெருக்கத்தை அளக்கப் பேச்சை எடுத்துக்கொண்டார் கிடன்ஸ். இங்கே அளப்பதென்றால் யார் யாரிடம் கோபித்துக்கொள்ளலாம் என்று ஒரு பட்டியல் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முறையிலேயே இல்லாதவர்கள் கல்யாணம் செய்துகொண்டாலும் முறை வந்து ஏறிக்கொள்கிறது. மேட்ரிமோனியில் பார்த்து, ஜாதகம் மாற்றி, அதற்கு முன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத ஜோடி. மூன்றாம் மாதம் அந்தப் பெண் புருஷனை 'மாமா' என்கிறாள். ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறவள்தான். பேரைச் சொன்னால் அந்நியம், 'என்னங்க' என்றால் அதைவிட அந்நியம். 'மாமா' என்றால் சின்ன வயதிலிருந்தே இவன் எனக்கென்று இருந்தவன் என்ற பாவனை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் சொந்தத்துக்குள் கட்டியவர்கள் நாடு முழுவதும் பத்தில் ஒருவர் என்ற அளவுதான். தமிழ்நாட்டில் கால்வாசிக்கும் மேல். அதுவும் மெல்லக் குறைந்துகொண்டுதான் வருகிறது. குறைய நியாயமான காரணங்களும் இருக்கின்றன, பிறவிக் கோளாறு பற்றிய பயம் அதில் ஒன்று. முறைமாமன் குறைந்தாலும் 'மாமா' குறையவில்லை.

பிடிக்கவில்லையென்றால் பிரிந்துவிடுவது நவீன காலத்துச் சரக்கு என்று கிடன்ஸ் கட்சிக்காரர்கள் சொல்லும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரும். எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் தென்னிந்தியச் சாதிகள் பற்றி 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் கள்ளர் பற்றிய பகுதியில் 'துரும்பு கொடுத்தல்' வருகிறது. சாதிசனம் பார்க்க ஒரு துரும்பைக் கொடுத்தால் தீர்ந்தது. துரும்பு கொடுத்தான் என்றால் விலக்கிவிட்டான், துரும்பு வாங்கினாள் என்றால் ஒப்புக்கொண்டாள். இன்றும் எங்கள் பக்கம் 'தீர்த்து விட்டாச்சு', 'அத்துவிட்டாச்சு' என்பது சாதாரணப் பேச்சு. பெண் மறுபடி கட்டிக்கொள்வதற்கும் பெரிய தடை இருந்ததில்லை. குடும்பக் கோர்ட்டில் வருடக்கணக்கில் நடப்பதைப் பார்த்தால் துரும்புக் காலம் ஒன்றும் மட்டமில்லை என்று தோன்றும். ஆனால் இது தூய உறவு இல்லை. புருஷன் பெண்டாட்டி பிரியலாம்; மாமனும் மருமகனும் பிரிய முடியாது. அத்துவிட்டவளின் மகனுக்குக் காது குத்த அதே தாய்மாமன்தான் வரவேண்டும்.

இனி மொய். இதைப் பற்றிப் பேசும்போது படித்தவர்கள் கொஞ்சம் கூச்சப்படுகிறார்கள். உறவில் பணம் வந்துவிட்டதே என்று. பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் கொடை பற்றி எழுதியதைப் படித்தால் கூச்சம் போய்விடும். கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது மூன்றுமே கடமை என்றார். கணக்கு நேராகாமல் இருப்பதில்தான் உறவு ஓடுகிறது. அம்மாவின் மொய் நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, நாற்பது பக்க நோட்டு, அட்டை போய்விட்டது. 'வரவு 51' என்று ஒரு பக்கம், நாலு வருடம் கழித்து எதிர்ப்பக்கத்தில் 'செஞ்சது 101'. வாங்கியதைத் திருப்பி, அதற்குமேல் ஒரு தொகை. அந்த மேல்தொகை மறுபடி நமக்கு வரவேண்டிய பாக்கி. ஒரே ஒரு பேருக்கு நேரே 201க்கு 201 என்று இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். "அவுகளோட பேச்சுவார்த்தை இல்ல, முடிச்சு விட்டாச்சு" என்றாள் அம்மா.

விவியானா ஜெலைசர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2005இல் இன்னும் நேராகச் சொன்னார். பணமும் பாசமும் எலியும் பூனையும் என்பது நம் கற்பனை. மனிதர்கள் எந்த உறவுக்கு எந்த மாதிரிப் பணம் பொருந்தும் என்று ஓயாமல் பிரித்து வைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். அமெரிக்கக் கோர்ட் வழக்குகளை வைத்து அவர் காட்டியதை நம் மண்டபத்தில் ஒரு மணி நேரம் நின்றால் பார்க்கலாம். பங்காளி கொடுக்கும் ஐயாயிரம் பெட்டிக்குள் போகும். ஆபீஸ்காரர் கொடுக்கும் ஐயாயிரம் கவருக்குள் மணப்பெண் கைக்குப் போகும். தாய்மாமன் கொடுக்கும் ஐயாயிரம் தாம்பாளத்தில், வெற்றிலைக்கு மேல், எல்லோரும் பார்க்க. இடம் மாறினால் அவமானம். தாய்மாமன் பணத்தைத் தெரியாத்தனமாக மொய்ப் பெட்டியில் போட்டுவிட்ட ஒரு கல்யாணத்தில் இரண்டு வருடம் போக்குவரத்து நின்றுபோனது எனக்குத் தெரியும்.

பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஜேனட் ஃபின்ச் 2007இல், குடும்பத்தை நடத்தினால் மட்டும் போதாது, இது குடும்பம்தான் என்று பிறர் பார்க்கக் காட்டவும் வேண்டியிருக்கிறது என்று எழுதினார். ஃபிளக்ஸ் பார்த்திருந்தால் இன்னும் ரெண்டு அத்தியாயம் எழுதியிருப்பார். மண்டபத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே 'தாய்மாமன் சீர்' என்று ஆரம்பிக்கிறது. கொட்டு, ஆட்டுக்கிடா, வாழைத்தார், 101 தட்டு, பின்னாலேயே வீடியோக்காரர்.

தொழிற்சாலை வந்தால் உலகமெங்கும் குடும்பம் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை என்று சுருங்கும் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கூட் 1963இல் சொன்னதையும் ஒரு வரியில் கடந்துவிடலாம். மதுரையில் ஹார்வி மில் 1892இலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. மில்காரர்களுக்கென்று ஹார்விப்பட்டி வந்தது, ஆளுக்கொரு தனி வீடு. வீடு சுருங்கியது உண்மை. செய்முறை சுருங்கவில்லை, சம்பளம் வந்ததும் தட்டு எண்ணிக்கை கூடியது.

இதுவரை படித்தால் உரிமை ரொம்ப இனிப்பான சரக்கு என்று தோன்றும். தோன்றக்கூடாது. உரிமை என்பது ஒருவர்மேல் இன்னொருவருக்கு இருக்கும் பாத்தியம். அந்த 'ஒருவர்' பெரும்பாலும் பெண். முறைப்பெண் வேறொருவனை விரும்பினால் அது மாமன் மகனுக்குத் துரோகம் என்று பேசப்படுகிறது. அவளைக் கேட்டார்களா என்று யாரும் பேசுவதில்லை. அக்கா மகளைக் கட்டிக்கொள்ளும் உரிமையில் பத்துப் பன்னிரண்டு வயது வித்தியாசம் சாதாரணம். தம்பி 'மாப்ளைன்னு போடுப்பா' என்று சொன்னது பொய்யில்லை, பாய் மேல் அவனுக்கு உயிர். தெற்கத்திப் பக்கம் இந்துவும் முஸ்லிமும் மாமன், மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொள்வது பரம்பரைப் பழக்கம். ஆனால் அந்தச் சொல் வாயோடு நிற்கும்வரைதான். நாளைக்குப் பாய் மகன் நிஜமாகவே மாப்பிள்ளையாக வந்து நின்றால் இதே மண்டபத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், தம்பிக்கும் தெரியும். சாதி மாறினாலும் அதே கதை. 1967இல் தமிழ்நாடு சட்டம் சுயமரியாதைத் திருமணத்தை ஏற்றுக்கொண்டது. புரோகிதர் வேண்டாம், சாட்சிக்கு உறவினரோ நண்பரோ போதும். முறையை மீறியவர்களுக்கு அந்த 'நண்பரோ' என்ற சொல்தான் கதவு. மொய்ச் சீட்டுப் பட்டியலின் கடைசியில் கிடக்கும் சொல்.

இன்னும் இருட்டான பக்கம் ஒன்று இருக்கிறது. துய்மோன் செய்முறைச் சங்கிலியை எழுதிவைத்துவிட்டுப் போன அதே உசிலம்பட்டி வட்டாரம், 1980களில் பெண் சிசுக்கொலைச் செய்திகளால் நாடு முழுக்க அடிபட்டது. அது அந்த ஊருக்கு மட்டும் சொந்தமான குற்றமில்லை, சேலம், தருமபுரிப் பக்கமும் நடந்தது. 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கியது. காரணம் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். வரதட்சிணை ஏறியது என்பது பொதுவாகச் சொல்லப்பட்டது. ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் தங்களுக்குள் பேசும்போது வரதட்சிணை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். "ஒண்ணைப் பெத்துட்டா சாகுற வரைக்கும் செய்யணும்" என்பார்கள். சுடுகாடு வரைக்கும் நடக்கும் தட்டுகள் என்று மேலே எழுதினேனே, அதன் பாரம் தொட்டிலிலேயே தெரிந்துவிடுகிறது. கோட்பாட்டில் அழகாக இருக்கும் ஒரு சங்கிலி யார் கழுத்தில் கிடக்கிறது என்று துய்மோன் கேட்டிருக்கலாம்.

செய்முறைக்கு இன்னொரு கணக்கும் உண்டு: நிலத்தைக் கேட்காதே, அதற்குப் பதில் சீர் வரும். சட்டம் இதைப் பல தடவை மாற்றப் பார்த்தது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்பாவின் சொத்தில் மகளையும் வாரிசாக்கியது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கைத் தமிழ்நாடு 1989இல் கொடுத்தது. நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. சட்டம் வந்ததும் விடுதலைப் பத்திரமும் கூடவே வந்தது. பங்கு உண்டு என்று சட்டம் சொன்னபின் அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கவும் ஒரு தாள் வேண்டுமே.

தாத்தா இறந்த மறுவருடம், 1996இல், என் அத்தை அப்படி ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். எனக்குப் பன்னிரண்டு வயது, கூடப் போயிருந்தேன். சார்பதிவாளர் ஆபீசுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பத்திரம் எழுதுகிறவர் படித்துக் காட்டினார். மேற்படி சொத்தில் இனி எனக்கும் என் வாரிசுகளுக்கும் யாதொரு உரிமையும் பாத்தியமும் கிடையாது என்று ஒரு வரி வந்தது. அத்தை, "சரி" என்றாள். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பும் வழியில் ஒரு சுங்குடிச் சேலை எடுத்துக் கொடுத்தார். நாற்பது சென்ட் பூமிக்கு ஒரு சேலை என்று என் மனைவி இப்போது சொல்வாள். அவள் சொல்வது தப்பில்லை. அத்தையிடம் ஒருநாள் இதைக் கேட்டேன். "பங்கை வாங்கிட்டா வாசலை அடைச்சுருவாங்கடா. ஒரு கோவம்னா நான் எங்க போய் ஒக்கார?" என்றாள். கையெழுத்துப் போட்ட பிறகு அவள் எங்கள் வீட்டில் காட்டிய அதிகாரத்துக்கு அளவே இல்லை. வந்ததும் நேரே அடுப்படி. அம்மா செய்த குழம்பில் ஒரு குறை. அப்பாவை எல்லோர் முன்னாலும் வைவாள், அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்.

அப்பா இறந்து மூன்று வருடமாகிறது. போன ஆவணியில் அத்தை பேரனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறித் தாமதமாகத்தான் வந்தாள், அதற்குள் காது குத்தி முடிந்திருந்தது. எங்கள் யாரிடமும் பேசவில்லை. நேரே மொய் மேசைக்குப் போய் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பையன் ஊரைக் கேட்டான், பேரைக் கேட்டான், "என்ன முறை வேணும் ஆத்தா?" என்றான்.

"பொறந்தவ."

பையன் திரையைப் பார்த்தான். "அப்படி ஒண்ணு இதுல இல்லையே. அத்தைன்னு போடவா?"

"யாருக்கு அத்தை? நான் இந்த வீட்டுல பொறந்தவ. அதுல இல்லாட்டிக் கையால எழுது."

அவன் சீட்டை எடுத்து, பக்கத்தில் இருந்தவனிடம் பேனா வாங்கி, அச்சடித்த தொகைக்குக் கீழே 'பிறந்தவள்' என்று எழுதிக் கொடுத்தான். அத்தை அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டு, வாசல் பக்கம் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அம்மா பந்தியிலிருந்து கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனாள்.